ஆலைச் சுவருக்கு வெளியே

ஆசிரியருக்கு,

பெட்ரோலில் ஓடும் மரமறுப்பான், புல்வெட்டி போன்ற எஞ்சின் கருவிகளின் உற்பத்தியை ஜப்பானின் மக்கிட்டா நிறுவனம் 2022 மார்ச்சுடன் நிறுத்தியது. மனமாரப் பாராட்டுகிறேன். அந்தப் புகையை நாள் முழுவதும் சுவாசிப்பவர், கருவியைத் தோளில் சுமக்கும் தொழிலாளிதான்.

ஆனால், சொந்த ஆலை, அலுவலகங்களின் கரிம உமிழ்வை 2040க்குள் நிகர சுழியமாக்குவதாக, அதாவது வெளியிடும் அளவையும் ஈடுசெய்து நீக்கும் அளவையும் சமமாக்குவதாகச் சொல்லும் இந்நிறுவனம், மற்ற அனைத்தையும் சேர்த்துக் கணக்கிடும்போது 2050 என்கிறது. கருவித் தொழிலில் உமிழ்வின் பெரும்பங்கு ஆலைச் சுவருக்கு வெளியேதான் இருக்கிறது: வாங்கும் எஃகு, அலுமினியம், பேட்டரி, பிறகு நாம் மின்னேற்றும் நிலக்கரி மின்சாரம். ஒரு துளைக்கருவி கூடுதலாக ஐந்தாண்டு உழைத்தாலே எவ்வளவு உலோகம் மிச்சமாகும்! உதிரிபாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பதை எல்லா நிறுவனங்களும் பெட்டியிலேயே அச்சிட வேண்டும்.

– ஒரு மரத்தச்சர்