பெங்களூருவில் இருக்கும் பாப்பாவுக்கு

வியாசர்பாடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? வேளைக்குச் சாப்பிடு. கைபேசியில் 'நலம்' என்று ஒரே சொல் அனுப்பியிருந்தாய். அம்மா அதையே எடுத்து எடுத்துப் பார்க்கிறாள்.

மாடிவீட்டுப் பையன், 'சக்தி' என்ற இசைக்குழுவின் முதல் ஆல்பத்தை எனக்குப் போட்டுக் கொடுத்தான். 1975 ஜூலையில் நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில், ஒரு கல்லூரிக் கச்சேரியில் அப்படியே பதிவு செய்து மறுவருடம் வெளியிட்டது. ஜான் மெக்லாஃப்லின் கிதார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, ராம்நாட் ராகவன் மிருதங்கம், நம் விக்கு விநாயக்ராம் கடம். முதல் உருப்படியே 18 நிமிடம். மெக்லாஃப்லின் ஜாஸ் வழியில் வந்தவர். ஆனாலும் சங்கர் விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு எங்கோ போகிறார். பேசி வைத்தது கொஞ்சம், மிச்சமெல்லாம் அந்த நேரத்து மனோதர்மம். லோகோ பட்டறையில் பாதிச் செவியைத் தொலைத்த எனக்கே கடம் தனியாகக் கேட்கிறது.

கடத்தின் வாயை வயிற்றோடு அழுத்தி எடுக்கும் அந்தக் 'கும்' உனக்கு வருவதற்குள் என்ன பாடு! பொத்தான் உரசுகிறது என்று பொத்தானில்லாத சட்டை கேட்டு அழுதாய். தண்ணீர் லாரி வரிசையில் குடத்தைத் தட்டித் திட்டு வாங்கிய பெண், மேடையில் தனி ஆவர்த்தனம் வாசித்து முடித்தபோது எனக்குக் கை தட்ட வரவில்லை, நடுங்கியது. ஓவர்டைம் பார்த்துத்தான் உன் கடம் வகுப்புக்குச் சம்பளம் கட்டினேன். சொல்லிக்காட்டவில்லை.

பொங்கலுக்கு வந்தபோது மானாமதுரைக் கடத்தைப் பரணில் வைத்துவிட்டுப் போனாய். அங்கே இடமில்லை என்றாய். இரண்டு படுக்கையறை வீட்டில் ஒரு பானைக்கு இடமில்லையா? நான் ஒன்றும் கேட்கவில்லை. மாப்பிள்ளை நல்லவர்தான். வேளைக்குச் சாப்பிடு, விரல்களைப் பார்த்துக்கொள்.

கடம் வாசிக்கும் சுகன்யா ராம்கோபால் உன் ஊரில்தான் இருக்கிறார். விக்கு ஐயாவிடமும் அவருடைய தந்தை ஹரிஹர சர்மாவிடமும் கற்றவர். பெண்ணுக்கு எதற்குப் பானை என்று கேட்பவர்கள் நம் தெருவில் மட்டுமா இருந்திருப்பார்கள்? ஒருமுறை அவரைப் போய்ப் பார். போகச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி, வேறொன்றுமில்லை. கடத்தை லால்பாக் எக்ஸ்பிரஸில் நானே மடியில் வைத்துக் கொண்டுவருகிறேன், உடையாது. மாப்பிள்ளை வீட்டில் இருக்கும் நாளில் வரட்டுமா, இல்லாத நாளில் வரட்டுமா, அதை மட்டும் எழுது.

அப்பா