ஃபாசெட்டோடு கட்டுரையை முடித்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் பிரிட்டிஷ் ஆய்வுப் பயணி கர்னல் பெர்சி ஃபாசெட் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். 1925-ல் மூத்த மகன் ஜாக்கையும் ஜாக்கின் நண்பன் ராலே ரிமெலையும் கூட்டிக்கொண்டு, பிரேசிலின் மாட்டோ குரோசோ காட்டுக்குள், 'இசட்' என்று அவரே பெயர் வைத்த ஒரு நகரத்தைத் தேடிப் போனார், திரும்பவில்லை, நூறு வருஷமாகியும் மர்மம் விலகவில்லை என்று முடித்திருக்கிறீர்கள். விறுவிறுப்பான எழுத்து, அதில் குறை இல்லை. ஆனால் அந்தக் காட்டில் பரம்பரையாக வாழ்கிறவர்களைப் பற்றி மொத்தக் கட்டுரையிலும் ஒரே வரிதான் இருக்கிறது, அதுவும் 'நரமாமிசம் தின்னும் காட்டுவாசிகளிடம் சிக்கியிருக்கலாம்' என்று. அந்த வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஃபாசெட்டின் குறிப்புகளையும் கடிதங்களையும் இளைய மகன் பிரையன் தொகுத்து 1953-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார். பயண நூல்களில் இந்த அளவுக்கு என்னைப் பிடித்து வைத்தது வேறு எதுவும் இல்லை. ராணுவத்தில் பீரங்கிப் படை அதிகாரி, இலங்கையில் திருகோணமலையில் கொஞ்ச காலம் இருந்தவர், 1906-ல் பொலிவியாவுக்கும் பிரேசிலுக்கும் நடுவே எல்லை அளக்கப் போகிறார், போன இடத்தில் ரப்பர் முதலாளிகள் பூர்வகுடிகளை அடிமையாக வைத்துச் சாகடிப்பதைப் பார்த்துக் கொதித்து எழுதுகிறார். ஹீத் ஆற்றில் அம்புகள் பறந்து வந்தபோது யாரும் திருப்பிச் சுடக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு, கூட வந்தவரை அக்கார்டியன் வாசிக்கச் சொல்கிறார், அம்பு நிற்கிறது. 62 அடி அனகொண்டாவைச் சுட்டதாகவும் எழுதியிருக்கிறார், அதை அன்றைக்கே யாரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

அப்புறம்தான் நகரப் பித்து பிடிக்கிறது. ரியோ டி ஜெனிரோ தேசிய நூலகத்தில் 512 என்று எண்ணிட்ட ஒரு பழைய போர்ச்சுகீசியக் கையெழுத்துப் பிரதி இருக்கிறது. புதையல் தேடிப் போன ஒரு கூட்டம், கல் வளைவுகளும் சதுக்கமும் சிலையும் உள்ள ஆளில்லாத நகரத்தைப் பார்த்ததாக 1753-ம் வருஷத்துக் கதை. அதோடு நாவலாசிரியர் ரைடர் ஹாகார்ட் கொடுத்த ஒரு கறுப்புக் கல் சிலை வேறு. அதைத் தொட்டுப் பார்த்துக் குறி சொல்பவரிடம் கொண்டுபோகிறார், அவர் இது மூழ்கிப்போன அட்லாண்டிஸிலிருந்து வந்தது என்கிறார், ஃபாசெட் நம்பிவிடுகிறார்! கண் முன்னால் நின்று பேசும் மக்களுடைய முன்னோர்களே இப்படி ஒரு நகரத்தைக் கட்டியிருக்கலாம் என்று மட்டும் அவரால் முழு மனதோடு நம்ப முடியவில்லை. அவ்வளவு நல்ல மனிதருக்கும் அது எட்டவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

சரி, அந்தக் காட்டின் பூர்வகுடிகளான கலபாலோ மக்களுக்கு வருகிறேன். ஃபாசெட் கடைசியாகத் தங்கிய ஊர் அவர்களுடையது. அந்த மூன்று பேரும் வந்தார்கள், கிழக்கே போகாதீர்கள், அங்கே இருப்பவர்கள் பொல்லாதவர்கள் என்று எச்சரித்தோம், கேட்காமல் போனார்கள், சில நாள் அவர்கள் மூட்டிய நெருப்பின் புகை காட்டுக்கு மேலே தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை: கலபாலோக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவது இதுதான், மொழியியல் மானுடவியல் ஆய்வாளர்கள் பதிவும் செய்திருக்கிறார்கள். 1951-ல் பூர்வகுடிகளிடையே பணிபுரிந்த பிரேசில்காரர் ஒர்லாண்டோ வில்லாஸ் போவாஸ் இதுதான் ஃபாசெட்டின் எலும்பு என்று ஒன்றைக் காட்டினார், கலபாலோக்கள்தான் கொன்றார்கள் என்று உலகமெல்லாம் செய்தி போனது, லண்டனில் பரிசோதித்துப் பார்த்தபோது அது ஃபாசெட்டின் எலும்பே இல்லை. பழி மட்டும் இன்றுவரை அந்த மக்கள் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர்கள் எதிரில் உட்கார்ந்து நாம் இப்படி ஒரு வரி எழுதுவோமா?

இனி உங்கள் கட்டுரை தொடாத விஷயம். கலபாலோக்களுக்குப் பக்கத்திலேயே குய்குரோ மக்கள் இருக்கிறார்கள். 1990-களில் மைக்கேல் ஹெக்கன்பெர்கர் என்ற தொல்லியலாளர் அவர்களோடு தங்கி வேலை செய்தார், தலைவர் அஃபுகாகா பழைய ஊர்கள் இருந்த இடங்களுக்கு அவரைக் கூட்டிப்போனார். அகழிகள், நடுவில் பெரிய திடல், அங்கிருந்து நேர்கோட்டில் அடுத்த ஊருக்குப் போகும் அகலமான சாலைகள், மீன் பிடிக்கும் அணைகள், எல்லாம் மண்ணாலும் மரத்தாலும் செய்தவை, கி.பி. 1200 முதல் 1600 வரை செழித்தவை. கல் வளைவைத் தேடும் கண்ணுக்கு அது வெறும் மேடு பள்ளம். 2003-ல் 'சயின்ஸ்' இதழில் இந்த ஆய்வு வந்தபோது ஆசிரியர் பட்டியலில் அஃபுகாகா உட்பட குய்குரோக்கள் இரண்டு பேர் இருந்தார்கள். வழிகாட்டி என்று நன்றி சொல்லி ஒதுக்கிவிடவில்லை, ஆய்வாளர்களாகவே பெயர் போட்டார்கள். எனக்கு இந்த மொத்தக் கதையிலும் மிகவும் பிடித்தது இதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பழைய ஊர்களின் மண் கறுப்பாக, வளமாக இருக்கும். இன்றைய குய்குரோக்களும் மீன் கழிவு, மரவள்ளிச் சக்கை, சாம்பல், கரி எல்லாவற்றையும் நம் எருக்குழி மாதிரி வீட்டுக்குப் பின்னால் சேர்த்து வைத்து அதே கறுப்பு மண்ணை வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள் என்று 2023-ல் ஓர் ஆய்வு காட்டியது. ஊரைக் காலி செய்தது ஐரோப்பியர் வழியே வந்த அம்மையும் மற்ற தொற்றுகளும். தப்பிப் பிழைத்தவர்களின் வழிவந்தவர்கள் அதே மாதிரித் திடலைச் சுற்றி வட்டமாக வீடு கட்டி இன்றும் வாழ்கிறார்கள். ஃபாசெட் விசாரித்திருந்தால் வழி சொல்லியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

இப்போது இந்த மக்கள் வாழும் பாதுகாக்கப்பட்ட பகுதியான சிங்கு பூங்காவைச் சுற்றிலும் காட்டை அழித்து சோயா போட்டிருக்கிறார்கள், ஆறுகள் பிறக்கும் இடங்கள் பல பூங்கா எல்லைக்கு வெளியே மாட்டிக்கொண்டன. குய்குரோக்களே கேமராவைத் தூக்கித் தங்களைப் பற்றிப் படம் எடுக்கிறார்கள், தாகுமா குய்குரோ என்ற இயக்குநர் பெயரைத் தேடிப் பார்த்தாலே கிடைக்கும். அவர்கள் வாயாலேயே கேட்டு ஒரு பக்கம் போடுங்கள், ஃபாசெட்டுக்குக் கொடுத்த அதே இடத்தை, அதே ஞாயிற்றுக்கிழமையில். அந்த நரமாமிச வரிக்கு ஒரு திருத்தமும் போடுங்கள்.

இடம் போதாமல் இந்தக் கடிதத்தைச் சுருக்க வேண்டியிருந்தால் அனகொண்டாவை எடுத்துவிடுங்கள், சிலைக் கதையையும் எடுத்துவிடுங்கள். கலபாலோ பத்தியில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்