நாள் தள்ளிப்போனால் முதலில் எண்ணிப் பார்

அன்பு மகளுக்கு,

"தீட்டு 28 நாளில் வந்துட்டிருந்தது, இப்போ ஒழுங்கே இல்லம்மா" என்று போனில் சொன்னாயே, நீ அனுப்பின தேதிகளை வச்சு எண்ணிப் பார்த்தேன். மார்ச் 4 வந்து 8-ல் நின்றிருக்கு, அடுத்தது ஏப்ரல் 6. நின்ற மறுநாளிலிருந்து எண்ணித்தான் 28 என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கணக்கு தப்பு. உதிரப்போக்கு தொடங்கும் நாள்தான் ஒன்று. அடுத்த தடவை தொடங்குவதற்கு முந்தின நாளோடு அந்தச் சுற்று முடியும். அப்படிப் பார்த்தால் அது 33. வருவதற்கு முன்னால் லேசாகக் கறை படுவதைச் சேர்க்காதே. பேட் வைக்கிற அளவுக்கு வந்த நாள்தான் முதல் நாள்.

ஜனவரி 5 முதல் ஜூன் 10 வரை சரியாக எண்ணினால் 29, 29, 33, 29, 36. குறைந்ததுக்கும் கூடினதுக்கும் வித்தியாசம் 7. சுற்று 24-லிருந்து 38 நாளுக்குள் இருப்பதும், உன் 27 வயசில் வித்தியாசம் 7 நாள் வரை போவதும் இயல்புதான். நீ அந்த எல்லையில் நிற்கிறாய், தாண்டவில்லை. பெரியவளான புதுசில் பிள்ளைகளுக்கு 45 நாள்கூட ஆகும். 40-ஐத் தாண்டினவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் சுற்று குறுகும், பிறகு மாசக்கணக்கில் விட்டு விட்டு வரும். அவர்கள் கணக்கை உன் கணக்கோடு சேர்த்துக் குழப்பாதே.

ஏன் தள்ளுது என்று கேட்டாயே, அதைத்தான் நல்லாப் புரிஞ்சுக்கணும். கார் பருவ நெல் சாகுபடிக்கு பாபநாசம் அணையை வழக்கமாக ஜூன் 1-ல் திறப்பார்கள். மழை பொய்த்தால் திறப்பது தள்ளிப்போகும். ஆனால் திறந்த தண்ணீர் நம்ம வயக்காட்டுக்கு வந்து சேருகிற நேரம் பெரிசா மாறாது. உடம்பிலும் அப்படித்தான். கருமுட்டை வெளியான பிறகு தீட்டு வர ஏறக்குறைய 14 நாள், ஒன்றிரண்டு நாள் முன்னே பின்னே ஆகும். மாறுவதெல்லாம் அதற்கு முந்தின பாதி. உன் 36 நாள் சுற்றில் கருமுட்டை 22-ஆம் நாள் வாக்கில் வெளியாகியிருக்கும். போன் ஆப் 14-ஆம் நாள் என்று காட்டினால் அது வெறும் கணிப்பு. பிள்ளை வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் அதை மட்டும் நம்பாதே, மாப்பிள்ளையிடமும் இதைச் சொல்லு.

அந்த முதல் பாதியை நீட்டுவது எது? நைட் ஷிப்ட், காய்ச்சல், சரியாகச் சாப்பிடாமல் சட்டென்று எடை குறைவது, எடை கூடுவது, மனசுப் பாரம், தைராய்டு, நீர்க்கட்டி. வாந்திக்குக் கொடுக்கிற டோம்பெரிடோன் போன்ற மாத்திரைகளும், சில மனநல மாத்திரைகளும் பால் சுரக்க வைக்கிற புரோலாக்டின் ஹார்மோனைக் கூட்டி நாளைத் தள்ளிவிடும். டாக்டரிடம் கேட்காமல் எதையும் நீயாக நிறுத்தாதே. அவசரக் கருத்தடை மாத்திரை போட்ட மாசமும் தேதி மாறும். உனக்கு மே மாசம் மூணு வாரம் இரவு வேலை. அந்த 36-க்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

நாள் தள்ளினால் முதலில் கர்ப்பப் பரிசோதனை. காலையில் முதல் சிறுநீர், அட்டையில் போட்ட நேரத்துக்குள் பார்த்துவிடு. ரொம்ப நேரம் கழிச்சுத் தெரிகிற கோட்டைக் கணக்கில் எடுக்காதே. கருமுட்டை தாமதமாக வெளியான மாசத்தில் 'இல்லை' என்று காட்டினாலும் அது முடிவில்லை, ஒரு வாரம் கழிச்சுத் திரும்பப் பார். இதைப் பார்க்காமல் "வர வைக்க" மாத்திரை வாங்கிப் போடவே கூடாது. நாள் தள்ளி, ஒரு பக்கம் அடிவயிறு வலிச்சு, கொஞ்சம் கொஞ்சமாக உதிரம் பட்டு, தலை சுற்றினால் கரு கர்ப்பப்பைக்குப் போகாமல் கருக்குழாயில் தங்கியிருக்கலாம். ராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். ஒரு மணிக்கு ஒரு பேட் நனைகிற போக்கு இரண்டு மணி நேரம் நீடித்தாலும் அப்படித்தான்.

கர்ப்பமும் இல்லை, மூணு மாசம் வரவும் இல்லை என்றால் சும்மா இருக்காதே. கருமுட்டை வெளியாகாவிட்டால், கர்ப்பப்பை உள்தோலைக் கட்டுக்குள் வைக்கிற புரோஜெஸ்டிரான் ஹார்மோன் சுரக்காது. கர்ப்பப்பையின் உள்தோல் தடிச்சுக்கிட்டே போய், ஒருநாள் கொட்டோ கொட்டு என்று கொட்டும். பல வருஷம் அப்படி விட்டால் புற்றுக்கும் வழி ஆகும். டாக்டரிடம் தைராய்டு, புரோலாக்டின், ஹீமோகுளோபின், சர்க்கரை, ஸ்கேன் பற்றிக் கேள். ஸ்கேனில் மட்டும் நீர்க்கட்டி தெரிந்தால் பயந்து அழாதே. பெரும்பாலும் அவை வளர்ந்து முடியாத கருமுட்டைப் பைகள்தான். தேதி தள்ளுவது, முகத்தில் முடி, ஆண் ஹார்மோன் கூடுதல் இதெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். எடை கூடினவர்களுக்கு 70 கிலோவில் மூணரை கிலோ குறைந்தாலே பல பேருக்குச் சுற்று திரும்பும்.

உன் அத்தை எள்ளும் கருப்பட்டியும் தின்னச் சொன்னதாகச் சொன்னாய். அன்போடு கொடுத்தால் தின்னு, அது நல்ல சாப்பாடு. தேதியை மாற்றும் மருந்து என்று மட்டும் நம்பாதே.

நம்ம கோயில் திருவிழா, ஆடிக் கொடைக்குத் தேதி தள்ளிப்போட மாத்திரை கேட்டாயே, நோரெதிஸ்டிரோன் 5 மில்லிகிராம், வழக்கமாக வர வேண்டிய நாளுக்கு மூணு நாள் முன்னாலேயே தொடங்கி தினம் மூணு தடவை. நிறுத்தின இரண்டு மூணு நாளில் வந்துவிடும். கர்ப்பத்தைத் தடுக்காது. காலிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டினவர்களுக்கு ஆகாது. எனக்குக் கேட்டால், வேண்டாம் ஏட்டி. உன் தேதி எப்போ வரும் என்று உனக்கே நிச்சயமில்லாத நேரத்தில் எந்த நாளுக்கு மூணு நாள் முன்னால் தொடங்குவாய்? தாமதமாகத் தொடங்கினால் கொடையன்றைக்கே கறை படும். கட்டாயம் வேண்டும் என்றால் டாக்டரிடம் கேட்டுப் போடு. அந்த மாசத்து எண்ணிக்கையை நோட்டில் வட்டம் போட்டு ஒதுக்கி வை, அது உன் சொந்தச் சுற்று இல்லை.

நோட்டில் முதல் நாள், நின்ற நாள், எத்தனை பேட், இரவு வேலை, காய்ச்சல், போட்ட மாத்திரை எல்லாம் எழுது. கொடைக்கு வரும்போது கையோடு கொண்டு வா. உளுந்தங்களிக்குக் கருப்பட்டி வாங்கி வச்சிருக்கேன்.

அம்மா