அரை மணி நேரத்து ஓவியம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், 19ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் மாறும் வெளிச்சத்தைப் பிடிக்க முயன்ற இம்ப்ரெஷனிச ஓவியம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஓவியத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் அதன் மூன்றாம் பத்தியில் உள்ள ஒரு வாக்கியத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அந்த ஓவியர்கள் வெளியே போய் நின்று, கருப்பைத் தொடாமல், வெளிச்சம் மாறுவதற்குள் அவசர அவசரமாகத் தீட்டி, அங்கேயே படத்தை முடித்தார்கள் என்கிறது அது. தைல வண்ணம் சொல்லிக்கொடுக்கும் தொழிலில் இருப்பவனுக்கு இந்த ஒரு வரி எத்தனை மாணவர்களின் கான்வாஸைச் சேறாக்கும் என்று தெரியும்.

அவசரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். லண்டன் நேஷனல் கேலரியின் சேகரிப்பில், அந்த ஓவியர்களில் ஒருவரான ரெனுவாரின் ‘குடைகள்’ இருக்கிறது. 180 சென்டிமீட்டர் உயரம், 115 அகலம். மழைநாள் கூட்டத்தை ஒரு கணத்தில் பிடித்தது போலத் தோன்றும். உண்மையில் அவர் அதை 1881 வாக்கில் தொடங்கி, பாதியில் நிறுத்தி வைத்து, 1885 வாக்கில் மறுபடி கையில் எடுத்தார். வலப்பக்கம் வளையத்தோடு நிற்கும் சிறுமியும் அவள் தாயும் முதல் கட்டத்தைச் சேர்ந்தவர்கள். அங்கே பிரஷ் இறகு போலத் தடவிச் சென்றிருக்கும், நீலம் கோபால்ட். இடப்பக்கம் கூடை ஏந்திய பெண் இரண்டாம் கட்டம். அவளுடைய விளிம்புகள் இறுகி நிற்கும், நீலம் செயற்கை அல்ட்ராமரீன். இருவர் உடையும் வெவ்வேறு ஆண்டுகளின் பாணி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது கூடைக்காரப் பெண்ணுக்கு முதலில் தொப்பி இருந்ததும் தெரிந்தது. ஒரே படத்தில் இரண்டு நீலம், இரண்டு கை. இதை அவசரம் என்று எப்படிச் சொல்வது?

அவர்களில் இன்னொருவரான மோனே, பிரான்ஸின் ரூவான் நகரத் தேவாலயத்தை வரைந்த பட வரிசையையும் பாருங்கள். 30க்கும் மேற்பட்ட கான்வாஸ்கள். 1892, 1893 இரண்டு ஆண்டுகளிலும் தேவாலயத்துக்கு எதிரே வாடகை அறைகளின் ஜன்னலோரம் நின்று வேலை செய்தார். வெளிச்சம் மாறியதும் அந்தக் கான்வாஸை எடுத்து வைத்துவிட்டு அடுத்ததைப் பிடித்தார். பிறகு எல்லாவற்றையும் தாம் குடியிருந்த ஜிவேர்னி கிராமத்துக்குக் கொண்டுபோய், ஸ்டுடியோவுக்குள் வைத்து 1894 வரை திருத்திக்கொண்டிருந்தார். 1895 மே மாதம் பாரிஸின் துராந் ருயெல் காலரியில் 20 படங்கள் பார்வைக்கு வந்தன. அதே குழுவைச் சேர்ந்த தெகா என்ற ஓவியரோ வெளியே போய் வரைவதையே விரும்பாதவர்.

அந்தத் தேவாலயப் படங்களின் மேற்பரப்பு பழைய சுவரின் காரை போல முண்டும் முடிச்சுமாக இருக்கும். ஒரே அமர்வில் அது வராது. அடியில் போட்ட தடித்த வண்ணம் காய வேண்டும். அதன் மேல், பிரஷில் எண்ணெய் அதிகமில்லாத கெட்டி வண்ணத்தைக் கொஞ்சமாக எடுத்து, அழுத்தாமல் படுக்கவைத்து இழுக்க வேண்டும். மேடுகள் மட்டும் புது நிறத்தைப் பிடிக்கும், பள்ளங்களில் பழைய நிறம் அப்படியே தங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் கல் மினுங்கும். அடிவண்ணம் ஈரமாக இருக்கும்போதே இதைச் செய்தால் இரண்டும் குழைந்து களிமண் நிறம்தான் மிஞ்சும். மெல்லிய பூச்சே தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரச் சில நாட்கள் ஆகும். தடித்த பூச்சு மேலே தோல் கட்டிக்கொண்டு உள்ளே மாதக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். அக்ரிலிக் வாங்கிவந்து இந்தப் பாணியைப் பழகுகிறவர்களுக்கு இதற்கு நேர்மாறான தொல்லை. கால் மணி நேரத்தில் அது காய்ந்துவிடுவதால் ஈரத்தில் ஈரம் சேர்க்கும் வேலையே நடக்காது. அவர்கள் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலக்க வேண்டும்.

ஈரத்தில் ஈரம் சேர்ப்பதும் அந்த ஓவியர்கள் நிறையச் செய்ததுதான், மறுக்கவில்லை. அதற்கும் கண்டிப்பான முறை உண்டு. முதல் பூச்சு டர்பன்டைனில் இளக்கி மெல்லியதாக, மேலே வருவது அதைவிட எண்ணெய் கூடியதாகவும் தடிப்பாகவும். ஒரு வீச்சு போட்டதும் பிரஷைத் துணியில் துடைத்துவிட்டுத்தான் அடுத்த வீச்சு. ஒரு கலவையில் இரண்டு நிறமும் வெள்ளையும் போதும். மூன்றாவது நிறம் சேர்ந்தால், அதுவும் எதிர் நிறமாக இருந்தால், உயிர் போய்விடும். வைத்த வீச்சை மறுபடி தடவக் கூடாது. வெள்ளை மட்டும் மற்ற எல்லா நிறமும் சேர்ந்து ஆகும் அளவுக்குச் செலவாகும். அதைச் சிக்கனம் பிடிக்கிறவர்களின் வெயில் ஒருபோதும் வெயிலாக இருக்காது.

கருப்புக்கு வருகிறேன். 1874இல் இந்த ஓவியர்கள் நடத்திய முதல் கண்காட்சியில் வைக்கப்பட்ட ரெனுவாரின் ‘லா லோஜ்’ படத்தில் அந்தப் பெண் உடுத்தியிருப்பதே கருப்புக் கோடு போட்ட உடை. பிற்காலத்திலும் ரெனுவாரின் பேலட்டில் ஐவரி பிளாக் என்ற கருப்பு வண்ணம் இருந்தது. கருப்பை ஒதுக்கிவிட்டவர் மோனே, அதுவும் போகப் போகத்தான். 1905இல் அவர் ஒரு கடிதத்தில் தம் நிறங்களைச் சொல்கிறார்: ஈய வெள்ளை, காட்மியம் மஞ்சள், வெர்மிலியன், ஆழ்ந்த மேடர் சிவப்பு, கோபால்ட் நீலம், மரகதப் பச்சை. இந்த மரகதப் பச்சையிலும் ஒரு குழி இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் அப்படிச் சொல்வது விரிடியன் என்ற பச்சை வண்ணத்தை. ஆங்கிலக் கடைப் பெயரில் எமரால்டு கிரீன் என்றால் ஆர்செனிக் கலந்த வேறொரு நஞ்சுப் பச்சை. தங்கள் கட்டுரை இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

நிழலில் கருப்பைக் குறைத்ததற்குக் காரணம் பிடிவாதம் அல்ல. மோனே 1868-69இல் வரைந்த ‘மேக்பை’ (கருப்பு வெள்ளைப் பறவை ஒன்றின் பெயர்) பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வேலியின் நிழல் பனியில் விழுகிறது, அது நீலமாக இருக்கிறது. வெயில் படும் பனி மஞ்சள் தட்டும். வெயில் படாத இடத்துக்கு ஒளி தருவது நீல வானம், அதனால் நிழல் நீலம். மஞ்சளுக்குப் பக்கத்தில் இருப்பதால் கண் அதை இன்னும் நீலமாகக் காணும். இந்த இரண்டாவது காரியத்தை ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் 1839இலேயே நூலாக எழுதினார். அவர் வேலை பார்த்த பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் கருப்புச் சாயம் வெளுக்கிறது என்று புகார் வந்தது. அவர் ஆராய்ந்து பார்த்தபோது குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் நெய்த நீலத்தில் இருந்தது. வெள்ளையோடு கருப்பைக் குழைத்து நிழல் போடும் மாணவனின் சுவர் அழுக்காகத் தெரிவதற்குக் காரணம் இதுவே. அல்ட்ராமரீனும் வெள்ளையும், கொஞ்சம் மேடர் சிவப்பும் எடுத்தால் சரியாகிவிடும். ஐவரி பிளாக்கை அடிப்பூச்சாகப் போடக் கூடாது என்பது வேறு விஷயம். அது எண்ணெய் நிறையக் குடிக்கும், மெதுவாகக் காயும், மேலே போட்ட வறண்ட பூச்சு வெடிக்கும். கட்டுரையில் சொல்லியிருக்க வேண்டியது இதை.

இவ்வளவு எழுதியபின் பழையதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ‘புல்வெளியில் விருந்து’ படத்தை மோனே என்று போட்டீர்கள். அச்சில் வந்தது மானே என்ற வேறொரு ஓவியரின் 1863ஆம் ஆண்டுப் படம். அதே தலைப்பில் மோனேயும் 1865-66இல் ஒன்று தொடங்கினார் என்பதால் குழப்பம் வந்திருக்கலாம். ஆனால் மோனேயின் படம் முடியவே இல்லை. வீட்டுக்காரரிடம் அடகாகக் கிடந்து, ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து, மீட்டபின் அவரே துண்டு துண்டாக வெட்டினார். இரண்டு துண்டுகள் இன்றும் ஓர்சேயில் உள்ளன. மானேயோ இவர்களின் எட்டுக் கண்காட்சிகளில் ஒன்றில்கூடப் படம் வைக்கவில்லை. அன்று எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இன்னொரு முறை தைல ஓவியத்தை நீர்வண்ணம் என்று குறித்தீர்கள். இந்த முறை ‘மேக்பை’யின் இடப்பக்கத்தைப் பத்தி அகலத்துக்காக வெட்டிவிட்டீர்கள். அந்தப் பறவை உட்கார்ந்திருப்பது இடப்பக்கத்தில்தான். மிஞ்சிய பாதியிலும் நீல நிழல் சாம்பலாகவே அச்சாகியிருக்கிறது.

நிறம் போனால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் படங்களே சாட்சி. சிகாகோவில் உள்ள, சொரா என்ற ஓவியர் புள்ளி புள்ளியாகத் தீட்டிய ‘கிராந்த் ஜாத்’தில் சேர்த்த துத்தநாக மஞ்சள் சில ஆண்டுகளிலேயே பழுப்பாகிவிட்டது. புல்லில் பளிச்சிட வேண்டிய புள்ளிகள் இன்று மங்கிக் கிடக்கின்றன. அங்கேயே ரெனுவாரின் ‘மேடம் கிளாப்பிஸான்’, 1883. சட்டத்தைக் கழற்றியபோது வெளிச்சம் படாத ஓரத்தில் மட்டும் கொழுந்துவிடும் சிவப்பு இருந்தது. படம் முழுக்க அந்த கார்மைன் சிவப்பு வெளுத்துப் போய், பின்னணி நீலச் சாம்பலாக நின்றது. நிறத்தைக் கண்ணாகக் காப்பாற்ற வேண்டிய படங்கள் இவை.

இந்தப் பாணி 1886இல் எட்டாவது கண்காட்சியோடு முடிந்துபோனது என்று கட்டுரை முடிகிறது. கண்காட்சி முடிந்தது, உண்மைதான். ஆனால் மாஸ்கோவில் மோனேயின் வைக்கோற்போர் ஒன்றைப் பார்த்த காண்டின்ஸ்கிக்கு (பின்னாளில் அரூப ஓவியம் வரைந்தவர்) அது வைக்கோற்போர் என்றே முதலில் தெரியவில்லை. பொருள் இல்லாமலும் படம் நிற்கும் என்று அவர் யோசிக்கத் தொடங்கியதில் அதற்குப் பங்கு உண்டு. பாரிஸ் ஓராஞ்சரி அருங்காட்சியகத்தில் 1927இல் திறந்த மோனேயின் அல்லிக்குளப் படங்கள் இரண்டு மீட்டர் உயரத்தில் அறையைச் சுற்றி வருகின்றன. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் 1955இல் அந்த வகைப் படம் ஒன்றை வாங்கியபோது, அங்கே பெரிய கான்வாஸில் வண்ணத்தை மட்டும் நம்பி வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்கு மோனே மூத்தவராகத் தெரிந்தார். வெள்ளை அடிப்பூச்சு, வண்ணம் ஏறிய நிழல், ட்யூபிலிருந்து நேரே எடுத்த தூய நிறம் ஆகியவற்றை இன்று எந்த ஓவிய வகுப்பிலும் முதல் வாரத்திலேயே சொல்லித் தருகிறார்கள். அந்த ட்யூப்கூட 1841இல் ஜான் ராண்ட் காப்புரிமை பெற்ற பிறகு வந்தது. அதற்கு முன் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். இந்த ஒரு வரிகூடக் கட்டுரையில் இல்லை.

தங்களிடம் வேண்டுவது இரண்டுதான். அடுத்த இணைப்பில் ஒரு மூலையில், மானே வேறு, மோனே வேறு என்றும், மரகதப் பச்சை என்பது விரிடியன் என்றும் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். இனி ஓவியம் அச்சிடும்போது வெட்டாமல் அச்சிட்டு, கீழே ஓவியர் பெயர், ஆண்டு, ஊடகம், அளவு, இருக்கும் இடம் ஆகிய ஐந்தையும் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓவிய ஆசிரியர், திருச்சி