என் கைகளை நம்பியவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

இந்த ஜூன் மாதத்தோடு கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெறுகிறேன். பிரிவுபசார விழாவில் எனக்குக் கிடைத்த ஐந்து நிமிடங்களில் சொல்ல வேண்டியதில் பாதியைக்கூடச் சொல்லவில்லை; தொண்டை அடைத்துவிட்டது. விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

முதல் நன்றி, பெயர் தெரியாத ஒரு முதியவருக்கு. 1985ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தின் கர்க்ஸ்வில் ஊரில் நான் மருத்துவம் படிக்கச் சேர்ந்தபோது, உடற்கூறு ஆய்வுக்கூடத்தில் எங்கள் மேசையில் இருந்தவர் அவர். தன் உடலைக் கல்லூரிக்கு எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். அவருடைய இடது காறை எலும்பில், எப்போதோ முறிந்து கூடிய இடத்தில், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு முடிச்சு இருந்தது. எங்கே விழுந்தாரோ, யார் கட்டுப் போட்டார்களோ. மனித எலும்பு தன்னைத் தானே சேர்த்துக்கொள்ளும் என்பதை அந்த முடிச்சில்தான் என் விரல் முதலில் படித்தது.

நான் ஆஸ்டியோபதி மருத்துவம் படிக்கிறேன் என்று கடிதம் எழுதியபோது, "நம்ம ஊர் புத்தூர்க் கட்டு மாதிரியா?" என்று அம்மா கேட்டு எழுதினார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. இந்த மருத்துவமுறையைத் தொடங்கிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில், ஆரம்ப நாட்களில் 'மின்னல் வேகத்தில் எலும்பு சேர்ப்பவர்' என்றே தன்னை விளம்பரப்படுத்திக்கொண்டவர். 1864இல் மூளைக்காய்ச்சலுக்கு மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்தவர். அன்றைய மருந்துகள்மீது அவருக்கு இருந்த கோபம் அங்கிருந்து வந்தது. 1892இல் அவர் கர்க்ஸ்வில்லில் திறந்த பள்ளியின் முதல் வகுப்பிலேயே ஐந்து பெண்கள் இருந்தார்கள். அந்த ஐவருக்கும் என் நன்றி உண்டு. இன்று அமெரிக்காவில் இந்தப் பட்டம் பெற்றவர்கள் மற்ற டாக்டர்களைப் போலவே மருந்து எழுதுகிறார்கள், அறுவை சிகிச்சை செய்கிறார்கள், பிரசவம் பார்க்கிறார்கள். அதற்கு மேல், கைகளால் நோயறியவும் சிகிச்சை செய்யவும் தனிப் பயிற்சி பெறுகிறார்கள். பல நாடுகளில் ஆஸ்டியோபதி என்றால் கைச்சிகிச்சை மட்டும்தான் என்பதால் இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் கைகளுக்கு அந்தப் பயிற்சியைக் கொடுத்த ஆசிரியர் இப்போது உயிரோடு இல்லை. முதல் வாரம் பழைய தொலைபேசி டைரக்டரி ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு தலைமுடியை ஒரு தாளுக்கு அடியில் வைத்து, கண்ணை மூடி அது எங்கே கிடக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். பிறகு இரண்டு தாள், ஐந்து தாள், பத்துத் தாள். அழுத்தினால் முடி மறைந்துவிடும். விரலைத் தளர்த்தினால் மெல்லிய கோடாக எழும். நான் மூன்றாம் தாளிலேயே தோற்றுப்போய் உட்கார்ந்திருந்தேன். அவர் என் மணிக்கட்டுக்கு அடியில் தன் கையைக் கொடுத்து அதன் எடையைத் தாங்கிக்கொண்டார். முடி தெரிந்தது.

1962இல் கலிபோர்னியாவில் 65 டாலர் கட்டி ஆஸ்டியோபதிப் பட்டத்தை, அமெரிக்காவின் வழக்கமான மருத்துவப் பட்டமான எம்.டி.யாக மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு வந்தபோது 2,000க்கும் மேற்பட்டோர் மாறினார்கள். என் அந்த ஆசிரியர் மாறவில்லை. மாறியவர்களைப் பற்றி ஒரு நாளும் தவறாகப் பேசியதும் இல்லை. அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் எங்களுக்கு முழு மருத்துவ உரிமை கிடைத்தது 1973இல்தான். அதன் பிறகும் ஒரு மருத்துவமனையில், "நீங்கள் உண்மையான டாக்டர்தானா?" என்று நோயாளியின் எதிரிலேயே என்னைக் கேட்டார்கள். அப்போது என் பக்கத்தில் வந்து நின்று, "இவர்தான் இந்த நோயாளியின் டாக்டர்" என்று சொன்ன எம்.டி. அறுவை சிகிச்சை நிபுணருக்கு, இத்தனை ஆண்டுகள் கழித்து நன்றி சொல்கிறேன்.

ஆராய்ச்சியில் என்னைக் காப்பாற்றியவர் எங்கள் புள்ளியியல் பேராசிரியை. ஒரே முதுகை இரண்டு மருத்துவர்கள், ஒருவர் குறித்தது மற்றவருக்குத் தெரியாமல், தொட்டுப் பார்த்துக் குறிக்க வேண்டும் என்று அவர் ஏற்பாடு செய்தார். என் தாளும் சக மருத்துவரின் தாளும் பல இடங்களில் பொருந்தவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. "இந்தத் தாளைக் கிழிக்காதீர்கள்; இதிலிருந்துதான் வேலை தொடங்குகிறது" என்றார். அன்றிலிருந்து மாணவர்களுக்கும் அந்தப் பயிற்சியைக் கொடுத்துவருகிறேன்.

நிமோனியா வந்த முதியவர்களுக்கு மருந்தோடு எங்கள் கைச்சிகிச்சையும் உதவுமா என்று பார்க்க ஏழு மருத்துவமனைகளில் நடந்து, 2010இல் வெளியான ஆய்வையும் அவரோடு சேர்ந்தே வகுப்பில் நடத்தினேன். சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள் 406 பேர். வழக்கமான சிகிச்சை மட்டும், அதோடு கைச்சிகிச்சை, அதோடு பெயருக்குக் கை வைப்பது என்று மூன்று குழுக்கள். எல்லோரையும் கணக்கில் எடுத்தபோது குழுக்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. திட்டப்படி முழுக் கைச்சிகிச்சையும் பெற்றவர்களை மட்டும் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட அவர்கள் மருத்துவமனையில் இருந்த நாட்கள் குறைந்திருந்தன. ஆனால் பெயருக்குக் கை வைக்கப்பட்ட குழுவை அவர்களால் மிஞ்ச முடியவில்லை. மூன்று முடிவுகளையும் அந்த ஆய்வாளர்கள் அப்படியே அச்சிட்டார்கள். நமக்குச் சாதகமான வரியை மட்டும் மாணவர்களிடம் படித்துக் காட்டக் கூடாது என்று பேராசிரியை கண்டிப்பாக இருந்தார். அந்தக் கண்டிப்புக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

நோயாளிகளில் ஒருவரை மட்டும் சொல்கிறேன். பால் பண்ணை வைத்திருந்த பெரியவர், நிமோனியா. ஆன்டிபயாட்டிக் ஏறிக்கொண்டிருந்தது. இரவில் மூச்சு மேலோட்டமாக வந்தது. அவருடைய முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவில் இரு கைகளையும் நுழைத்து, முதுகெலும்பை ஒட்டி விலா எலும்புகள் வளையும் இடத்தில் விரல் நுனிகளை வைத்து, மெதுவாகத் தூக்கி இறக்கினேன். கொஞ்ச நேரத்தில் விலாக்கள் என் விரல்மேல் அகன்றன. அவரைக் குணமாக்கியது மருந்துதான் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த இரவில் அவர் தூங்கினார். பக்கத்தில் நின்று ஒவ்வொரு மூச்சையும் எண்ணிக் குறித்த செவிலியர், விடியும்வரை நாற்காலியில் உட்காரவே இல்லை. அவருக்கும் நன்றி.

என் மாணவர்களே, தவறாகப் பிடித்தால் வலிக்கும் என்று தெரிந்தும் ஒருவருக்கொருவர் முதுகைக் கொடுத்துக் கற்றவர்கள் நீங்கள். "டாக்டர், இன்றைக்கு உங்கள் கை குளிர்ந்திருக்கிறது" என்று தயங்காமல் சொன்னதற்கு நன்றி. வெந்நீரில் கை நனைத்துவிட்டு வகுப்புக்கு வரும் பழக்கம் அதன் பிறகுதான் வந்தது.

கிளினிக்கில் என் தமிழ்ப் பெயரை ஒரு எழுத்தும் பிசகாமல் சொல்லக் கற்று, வந்த நோயாளிகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த வரவேற்பாளருக்கு நன்றி. ஆய்வுக்கான நிதி விண்ணப்பங்கள் எழுதிய இரவுகளில் பிள்ளைகளைத் தூங்கவைத்த கணவருக்கு நன்றி. அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் கழுத்து வலி இருந்தது. ஊருக்குப் போனபோதெல்லாம் தலையை என் உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். புத்தூர்க் கட்டைப் பற்றி அதன் பிறகு கேட்கவில்லை.

ஆசிரியரின் டைரக்டரியைப் பயிற்சிக்கூட அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். அட்டை கழன்றுவிட்டது, ஜாக்கிரதையாகத் திறக்கவும்.

நன்றியுடன்,
உங்கள் ஆசிரியை
கர்க்ஸ்வில், மிசூரி