வார்டில் மூன்று மேரி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மஸ்கட்டில் உன்னை ஐசியூவுக்கு மாற்றியது சந்தோஷம், நீ ஆசைப்பட்ட வேலைதானே. இங்கே மார்த்தாண்டத்தில் விடாத மழை. ரப்பர் வெட்டு இல்லாமல் அண்ணன் வீட்டிலேயே இருக்கிறார். அம்மா சுகம். உன்னை எப்போதும் விசாரிப்பார்.

வார்டு பொறுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். போன மாதம் பெண்கள் வார்டில் ஒரே சமயத்தில் மூன்று மேரி. நம்ம ஊரில் அது அதிசயமா? ஒருவர் குளச்சல், மற்ற இருவரும் கருங்கல் பக்கம். காலைச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடும் நேரம். புதிதாகச் சேர்ந்த பிள்ளை சிரிஞ்சோடு போய், "மேரியம்மாதானே?" என்று கேட்டிருக்கிறாள். அந்த அம்மாவும் "ஆமா மக்கா" என்று கையை நீட்டிவிட்டார். பக்கத்தில் நின்ற மகள், "அம்மாவுக்கு சுகரே கிடையாதே, எதுக்கு ஊசி?" என்று கேட்டதால் தப்பித்தோம். வெறும் வயிற்றில் அது ஏறியிருந்தால், ரத்தச் சர்க்கரை இறங்கி என்ன ஆகியிருக்கும் என்று உனக்குத் தெரியும்.

அந்தப் பிள்ளை அழுதுகொண்டே வந்து என்னிடம் சொன்னாள். தானாக வந்து சொன்னாளே, எனக்கு அதுதான் பெரிது. நாம் முதலில் வேலை பார்த்த ஆஸ்பத்திரி நினைவிருக்கிறதா? வாய் திறந்தவளுக்கு மெமோ, சம்பளப் பிடித்தம். அப்புறம் யார் சொல்வார்கள்? ஒருத்தி மறைத்ததையே அடுத்த ஷிஃப்டில் இன்னொருத்தியும் செய்வாள்.

உட்கார்ந்து விசாரித்தால், முந்தின ராத்திரி படுக்கை மாற்றியிருக்கிறார்கள். மருந்து அட்டையில் பழைய படுக்கை எண்ணே இருந்தது. கையில் கட்டிய பட்டையில் வெறும் 'மேரி'. இதில் அந்தப் பிள்ளையை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது? இப்போது "நீங்க மேரியா?" என்று யாரும் கேட்கக் கூடாது, "உங்க பேரைச் சொல்லுங்க" என்றுதான் கேட்க வேண்டும். பட்டையில் ஐபி எண்ணையும், அதாவது உள்நோயாளி எண்ணையும், பார்க்க வேண்டும். ஒரே பெயர்க்காரர்கள் இருந்தால் கேஸ் ஷீட்டில் சிவப்பு ஸ்டிக்கர். படுக்கை எண்ணை நம்பி மருந்து கொடுப்பதை அடியோடு நிறுத்திவிட்டோம்.

1999-இல் அமெரிக்காவில் வந்த ஓர் அறிக்கை, அங்குள்ள ஆஸ்பத்திரிகளில் மருத்துவத் தவறுகளால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாகக் கணக்கிட்டது. பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம் வேலை நடக்கும் முறைதான், மோசமான ஆட்கள் இல்லை என்றும் அதுவே சொன்னது. இதை நம் நர்சிங் பள்ளியில் முதல் வருடமே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

ஆபரேஷன் தியேட்டரிலும் உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்ச அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலை இப்போது ஒழுங்காகப் பார்க்கிறார்கள். புது தில்லி உட்பட எட்டு நகரங்களில் அதைச் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகான இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தது. அதில் எனக்குப் பிடித்தது, கத்தி வைப்பதற்கு முன் எல்லோரும் தன் பெயரையும் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது. சீனியர் டாக்டர் முன்னால் மூச்சு விடவே பயந்த நர்ஸ், ஒரு தடவை வாய் திறந்துவிட்டால் "சார், பஞ்சு ஒண்ணு குறையுது, உள்ளே இருக்கான்னு பாருங்க" என்று சொல்லவும் துணிவாள்.

ஊசி போடாமலே தப்பிய சம்பவங்களையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும், எழுதியவர் பெயர் வேண்டாம் என்று நிர்வாகத்தில் கேட்டேன். நாளைக்கு வழக்கு வந்தால் அதுவே சாட்சியாகிவிடும் என்று தயங்குகிறார்கள். அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் அதற்காக எழுதாமல் இருந்தால் அடுத்த மேரியை யார் காப்பாற்றுவது? விடுவதாக இல்லை, திரும்பவும் கேட்பேன்.

உங்கள் ஆஸ்பத்திரியில் இதற்கென்று படிவம் இருக்கும் அல்லவா? மேலிடத்தில் கேட்டுவிட்டு, நிரப்பாத வெறும் படிவம் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பு. செப்டம்பர் 17 நோயாளி பாதுகாப்பு நாள். அதற்குள் கையில் இருந்தால் அன்றைய கூட்டத்தில் வைத்துப் பேச வசதியாக இருக்கும்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் தோழி