பாஸ் வாங்குமுன் இருக்கைக் கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான ஐரோப்பிய ரயில் பயணக் கட்டுரையைக் கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு புறப்படத் திட்டமிடும் வாசகர்கள் பலர் கத்தரித்து வைத்திருப்பார்கள் என்பதால், அதில் விடுபட்டுப்போன சிலவற்றை உடனே எழுதுவது அவசியம் என்று கருதுகிறேன். ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்போருக்கென விற்கப்படும் யூரெயில் பாஸ் என்ற பொதுப் பயணச்சீட்டு ஒன்று கையில் இருந்தால் 33 நாடுகளில் எந்த ரயிலிலும் விரும்பியபோது ஏறி அமர்ந்துவிடலாம் என்ற எண்ணத்தையே அந்தக் கட்டுரை வாசகருக்குத் தருகிறது. அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி தெரியாமல் பல்லாயிரம் ரூபாய் செலவழித்து பாஸ் வாங்கியவர்கள் பாரிஸிலோ மிலானிலோ ரயில் நிலையக் கவுன்ட்டரில் நின்று மறுபடியும் பணம் கட்டும்போதுதான் விவரம் அறிகிறார்கள்.

பாஸ் என்பது பயணம் செய்யும் உரிமையே தவிர, இருக்கை அல்ல. நம் ஊரில் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் முன்பதிவுப் பெட்டியில் ஏறி உட்கார்ந்துவிட முடியாதல்லவா, ஏறக்குறைய அதைப் போன்றதுதான் இதுவும். பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சியாரோஸா, ஸ்பெயினின் ஏவிஇ, கடலடிச் சுரங்கப்பாதை வழியே லண்டன் செல்லும் யூரோஸ்டார் ஆகிய அதிவேக ரயில்களில் இருக்கை முன்பதிவு கட்டாயம். அதற்குப் பாஸ் வைத்திருப்பவரும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். பிரான்ஸுக்குள்ளும் இத்தாலிக்குள்ளும் இது ஒரு பயணத்துக்கு 10 யூரோவிலிருந்து 20 யூரோ வரை ஆகும். யூரோஸ்டாரில் அதைவிடக் கணிசமாகக் கூடும். பணத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பிரெஞ்சு அதிவேக ரயில்களிலும் யூரோஸ்டாரிலும் பாஸ்தாரர்களுக்கென்று ஒதுக்கப்படும் இருக்கைகள் குறைவு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அவை சீக்கிரமே தீர்ந்துவிடுகின்றன. ரயிலில் இடம் இருக்கும், ஆனால் பாஸ்தாரருக்கு இருக்காது. விரும்பியபோது ஏறலாம் என்ற சுதந்திரம் அங்கேயே அடிபட்டுப்போகிறது.

இதற்கு நேர்மாறான நாடுகளும் உள்ளன. ஜெர்மனியின் ஐசிஇ, ஆஸ்திரியாவின் ரெயில்ஜெட், ஸ்விட்சர்லாந்தின் உள்நாட்டு ரயில்கள், நெதர்லாந்து, பெல்ஜியம் ஆகியவற்றின் சாதாரண இன்டர்சிட்டி ரயில்கள் ஆகியவற்றில் பொதுவாக முன்பதிவு கட்டாயமில்லை. சூரிக்கிலிருந்து மியூனிக், அங்கிருந்து சால்ஸ்பர்க், வியன்னா, புடாபெஸ்ட் என்று செல்பவருக்கு பாஸ் தான் சொன்ன சொல்லைக் காப்பாற்றும். அதே பாஸை வைத்துக்கொண்டு பாரிஸ், நீஸ், மிலான், ரோம் என்று செல்பவர் ஒவ்வொரு கட்டத்திலும் கூடுதல் கட்டணம் செலுத்தியாக வேண்டும். ஆகவே, ‘பாஸா, டிக்கெட்டா?’ என்ற கேள்விக்கு முதல் விடை எந்தெந்த நாடுகள் என்பதில்தான் இருக்கிறது. கட்டுரையாளர் நாடுகளைப் பற்றிப் பேசாமலேயே பாஸைப் பரிந்துரைத்துவிட்டதுதான் எனக்குள்ள முதன்மையான குறை.

விலையை ஒப்பிடுவதும் கடினமான காரியமல்ல. பாஸின் விலையை, அது அனுமதிக்கும் பயண நாள்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு நாளுக்கு எவ்வளவு விழுகிறது என்பது தெரிந்துவிடும். பெரியவருக்கான இரண்டாம் வகுப்பு பாஸில் அது ஏறத்தாழ 40 யூரோவிலிருந்து 70 யூரோ வரை வருகிறது. ஒரு மாதத்துக்குள் 4 நாள் பயணம் என்ற சிறிய பாஸில் நாள் விலை அதிகம், இரண்டு மாதங்களுக்குள் 15 நாள் என்ற பெரிய பாஸில் குறைவு. 27 வயது வரை உள்ளோருக்கும் 60 வயதைக் கடந்தோருக்கும் தள்ளுபடி உண்டு. இந்த நாள் விலையோடு இருக்கைக் கட்டணத்தையும் கூட்டி, அதே பயணத்துக்கு முன்கூட்டியே வாங்கினால் டிக்கெட் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். மிலானிலிருந்து ஃப்ளாரன்ஸுக்கு மட்டும் ஒரு நாள் செல்பவர், அந்த ஒரு பயணத்துக்காக பாஸின் ஒரு முழு நாளைச் செலவிட்டு, அதற்கு மேல் இருக்கைக்கும் பணம் கட்டுவது எந்தக் கணக்கிலும் லாபமாகாது. மேலும், அந்தத் தடத்தில் இத்தாலோ என்ற தனியார் நிறுவனத்தின் அதிவேக ரயில்கள் அரசு நிறுவன ரயில்களோடு போட்டியிட்டு ஓடுவதால், முன்கூட்டி வாங்கும் டிக்கெட்டுகள் நல்ல விலைக்கே கிடைக்கின்றன. இத்தாலோவிலோ யூரெயில் பாஸ் செல்லவே செல்லாது. பிரான்ஸின் மலிவுக் கட்டண ரயிலான விகோவிலும் இதே நிலைதான்.

குழந்தைகளோடு செல்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 4 வயது முதல் 11 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு, ஒரு பெரியவருக்கு இரண்டு பேர் என்ற கணக்கில், பாஸ் இலவசம். இது உண்மையிலேயே நல்ல சலுகை. ஆனால் இருக்கை முன்பதிவு கட்டாயமான ரயில்களில் அக்குழந்தைகளின் இருக்கைக்கும் கட்டணம் உண்டு; குழந்தைக்கான பாஸையும் பெற்றோர் பாஸோடு சேர்த்தே கேட்டு வாங்க வேண்டும், அது தானாக வராது.

இனி, நம்மவர்கள் எதிர்கொள்ளும் ஒரு சிரமத்துக்கு வருகிறேன். ஐரோப்பியர் ஒருவர் மூன்று மாதங்களுக்கு முன்பே பயணத் தேதியை முடிவு செய்து, மிகக் குறைந்த விலை டிக்கெட்டை வாங்கிவிடலாம். அத்தகைய டிக்கெட்டுகள் பெரும்பாலும் அந்த ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும், பணம் திரும்ப வராது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரோ, பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் காத்திருக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாள்களில் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. கூடுதல் பரிசீலனை தேவைப்பட்டால் அது 45 நாள்கள் வரை நீளலாம் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. கோடையில் விசா விண்ணப்ப மையத்தில் முன்பதிவு நேரம் கிடைப்பதே அரிது. விசா கைக்கு வருமுன் திரும்பப் பெற முடியாத டிக்கெட்டுகளை வாங்குவது பெரும் துணிச்சல். விசா வந்த பிறகு வாங்கப்போனால் மலிவு விலை டிக்கெட்டுகள் போயிருக்கும். இந்த இடைவெளியில்தான் நம்மவர்களுக்கு பாஸ் உண்மையாகவே உதவுகிறது. கடைசி நேரத்தில் வாங்கினாலும் அதன் விலை ஏறுவதில்லை. வாங்கிய நாளிலிருந்து 11 மாதங்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்தத் தொடங்கலாம். பயண நாள்களைச் செயல்படுத்தாதவரை, சிறு தொகையைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தரும் வகையும் உண்டு. வாங்கும்போது சலுகை விலை என்றிருந்தால் மட்டும் திரும்பப் பெறும் விதியைப் படித்துவிட வேண்டும். பாஸை ஆதரித்து எழுதுவதென்றால் கட்டுரை இந்தக் காரணத்தைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் இடம் வெறுமையாக இருக்கும் தமிழர்கள் நம்மில் ஏராளம். முன்பதிவுத் தளங்கள் இரண்டு பெயர்களையும் கேட்கும். டிக்கெட் பரிசோதகர் பாஸோடு கடவுச்சீட்டையும் கேட்பார். விசாவில் எப்படிப் பெயர் அச்சாகியிருக்கிறதோ அதையொட்டியே எல்லா இடத்திலும் எழுதுவது நலம்.

மகனோ மகளோ ஜெர்மனியில் படிக்க, அவர்களைப் பார்க்கச் செல்லும் பெற்றோர் இன்று தமிழ்நாட்டின் ஊர்தோறும் உள்ளனர். அவர்களுக்கு யூரெயில் பாஸ் பெரும்பாலும் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. மியூனிக்கில் பிள்ளையின் அறையிலேயே தங்கிக்கொண்டு சுற்றிப்பார்ப்பவர்கள் பவேரிய மாநிலத்துக்கான ஒருநாள் டிக்கெட்டை எடுத்தால் போதும். ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் செல்லலாம். இரண்டாவது ஆளிலிருந்து சிறு தொகைதான் கூடும். வார நாள்களில் காலை 9 மணிக்குப் பிறகே செல்லுபடியாகும் என்பதும், ஐசிஇ போன்ற விரைவு ரயில்களில் ஏறக்கூடாது என்பதும் நிபந்தனைகள். காலை உணவை முடித்துவிட்டு 9 மணிக்கு மேல் நிலையத்துக்குச் சென்றால், நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்குப் போகும் ஃபுஸ்ஸன் ஊருக்கு இரண்டு மணி நேரம். எல்லைக்கு அப்பால் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரைகூட அந்த டிக்கெட் செல்லும். அன்று மியூனிக் நகருக்குள் ஓடும் மெட்ரோவுக்கும் அதுவே போதும். மாதம் முழுவதும் தங்குவோர் 2023 மே மாதம் 49 யூரோவுக்கு அறிமுகமாகி, பின்னர் விலை ஏறியுள்ள டாய்ச்லாந்து டிக்கெட்டை எண்ணிப்பார்க்கலாம். நாடு முழுவதும் வட்டார ரயில்களிலும் நகரப் பேருந்துகளிலும் செல்லும். அது சந்தா முறையில் வருவதால், மாத முடிவில் நிறுத்த வேண்டுமானால் அம்மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். இல்லையேல் ஊர் திரும்பிய பிறகும் கணக்கிலிருந்து பணம் போகும்.

ஸ்விட்சர்லாந்தின் கதை தனி. அங்கு சாதாரண டிக்கெட் விலையே மலைக்க வைக்கும். மலைச்சிகரம் பார்க்கச் செல்வோரின் திட்டத்தையோ மேகம்தான் முடிவு செய்கிறது. விடியற்காலையில் உயரமான மலை ரயில் நிலையம் உள்ள யுங்ஃப்ராவ்யோக் கணவாயின் நேரலைக் கேமராவில் வெண்மையைத் தவிர ஒன்றும் தெரியவில்லையென்றால், அன்று லூசர்ன் ஏரிக்குப் போய்விட்டு மறுநாள் மலைக்குச் செல்லலாம். பாஸ் இல்லாமல் குறிப்பிட்ட ரயிலுக்கு மலிவு டிக்கெட் வாங்கியவருக்கு அந்த வசதி கிடையாது. ஆனால் அங்கும் யூரெயிலைவிட அந்நாட்டின் ஸ்விஸ் டிராவல் பாஸ் பலருக்குப் பொருந்தும். ஏரிப் படகுகள், நகர டிராம்கள், ஏராளமான அருங்காட்சியகங்கள், ரிகி மலை ரயில் ஆகியவை அதில் அடங்கும். யுங்ஃப்ராவ்யோக் மட்டும் எந்தப் பாஸிலும் இலவசமல்ல, தள்ளுபடிதான்.

பாரிஸிலும் சூரிக்கிலும் ஆஸ்லோவிலும் வாழும் ஈழத்து உறவினர்களோடு சேர்ந்து பயணம் செய்ய விரும்புவோருக்கும் ஒரு சொல். ஐரோப்பாவில் குடியிருப்போர் யூரெயில் வாங்க முடியாது, அவர்களுக்கென்று உள்ள பாஸ் இன்டர்ரெயில். குடியுரிமை அல்ல, குடியிருப்பே அளவுகோல். இன்டர்ரெயிலில் சொந்த நாட்டுக்குள் புறப்படும் நாள், திரும்பும் நாள் என இரண்டு நாள்களே பயன்படுத்தலாம் என்பதால், சூரிக்கில் வசிக்கும் உறவினரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஸ்விட்சர்லாந்து முழுவதும் சுற்றத் திட்டமிடுவோர் அவருக்கு வேறு டிக்கெட் பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்த இதழில் இத்தாலியைப் பற்றிய பகுதி வெளிவரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் எந்த ரயிலுக்கு இருக்கை முன்பதிவு கட்டாயம், எதற்குத் தேவையில்லை என்பதை ஒவ்வொரு தடத்துக்கும் அருகில் அச்சிடும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இத்தாலியின் வட்டார ரயில்களுக்கு முன்கூட்டி வாங்கினாலும் அன்றே வாங்கினாலும் ஒரே விலைதான், அவற்றுக்காக அவசரப்பட வேண்டியதில்லை என்பதையும், தாளில் அச்சிட்ட டிக்கெட்டை ஏறுமுன் நிலைய இயந்திரத்தில் முத்திரையிடாவிட்டால் அபராதம் கட்ட நேரும் என்பதையும் அவர் சேர்த்து எழுதினால், வாசகர்கள் நன்றியோடு படிப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
திருச்சிராப்பள்ளி